ரத்தப் புரதங்களும் மரபணுவும்: ஐரோப்பியரிடம் கண்டது மற்றவர்களுக்குப் பொருந்துமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: ரத்தத்தில் உள்ள புரதங்களின் அளவை எந்தெந்த மரபணு வேறுபாடுகள் கூட்டுகின்றன, குறைக்கின்றன என்று அண்மைக் காலத்தில் பெரிய ஆய்வுகள் வெளிவந்துள்ளன, அவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்யப்பட்டவை, அந்த முடிவுகளை ஆப்பிரிக்கர், கிழக்காசியர், தெற்காசியர் ஆகியோருக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட மரபணு வேறுபாடு ஒரு புரதத்தின் அளவை எந்தப் பக்கம், ஏறத்தாழ எவ்வளவு தள்ளுகிறதோ, பெரும்பாலும் எல்லா மக்களிடமும் அதே பக்கம், அதே அளவுக்குத்தான் தள்ளுகிறது. ஆனால் அந்த வேறுபாடு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதும், அதனுடன் சேர்ந்து பரம்பரையாக வரும் அண்டை வேறுபாடுகள் எவை என்பதும் மக்களுக்கு மக்கள் மாறுகின்றன. அளக்கும் முறையே சில இடங்களில் ஒரு மக்களிடம் சரியாகவும் இன்னொரு மக்களிடம் தவறாகவும் அளந்துவிடுகிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ‘இனத்துக்கு இனம் உயிரியலே வேறு’ என்று முடிவுகட்டுவது, இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் அவசரம்.

புரதங்கள் ஆளுக்கு ஆள் பரம்பரையாக மாறுகின்றன என்பது புதிய செய்தி அல்ல. 1955இல் டொராண்டோவில் ஆலிவர் ஸ்மிதீஸ் உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் செய்த ஜெல்லின் வழியே ரத்தச் சீரத்தைப் பிரித்தபோது, ஹாப்டோகுளோபின் என்ற புரதம் எல்லோரிடமும் ஒரே கோடாக வரவில்லை. சிலரிடம் ஒரு வகையாகவும் வேறு சிலரிடம் இன்னொரு வகையாகவும் வந்தது. அன்று ஒரு புரதத்தைப் பார்க்க முடிந்தது. இன்று ஒரு சொட்டுப் பிளாஸ்மாவிலிருந்து (ரத்த அணுக்களை நீக்கிய திரவப் பகுதி) ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே சமயத்தில் அளக்கிறார்கள். அதே ஆட்களின் மரபணுத்தொகுதியில் லட்சக்கணக்கான இடங்களைப் படித்து, எந்த இடத்து எழுத்து மாறும்போது எந்தப் புரதத்தின் அளவு மாறுகிறது என்று கணக்கிடுகிறார்கள். 2018இல் இங்கிலாந்தின் ரத்தக் கொடையாளர்கள் 3,301 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒரு தொடக்கம். 2021இல் ஐஸ்லாந்தில் 35,559 பேர். 2023இல் பிரிட்டனில் தன்னார்வலர்களின் உடல்நலத் தரவுகளைத் திரட்டும் யுகே பயோபேங்க் திட்டத்தில் 54,219 பேரிடம் 2,923 புரதங்கள் அளக்கப்பட்டு, 14,287 மரபுத் தொடர்புகள் பட்டியலிடப்பட்டன. இந்தக் கடைசி ஆய்வில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் தெற்காசிய வம்சாவளியினரும் தனித்தனியே ஆயிரம் பேரைக்கூட எட்டவில்லை. ஆக, ‘ஐரோப்பியரிடம் கண்ட தொடர்பு தெற்காசியரிடம் காணப்படவில்லை’ என்று எங்கேனும் படித்தால், முதலில் கேட்க வேண்டியது எத்தனை பேரிடம் தேடினார்கள் என்பதுதான். முப்பதாயிரம் பேரிடம் பளிச்சென்று தெரியும் ஒரு சிறிய விளைவு, தொள்ளாயிரம் பேரிடம் புள்ளியியல் இரைச்சலில் மூழ்கிப்போகும்.

இந்தத் தொடர்புகளில் இரு வகை உண்டு. ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணுவிலோ அதன் பக்கத்திலோ இருக்கும் வேறுபாடு அந்தப் புரதத்தையே மாற்றுவது ஒரு வகை. இதை அண்மைத் தாக்கம் என்று வைத்துக்கொள்வோம். வேறெங்கோ, பெரும்பாலும் வேறொரு குரோமோசோமில் இருக்கும் வேறுபாடு சுற்றிவளைத்து இந்தப் புரதத்தைத் தொடுவது மற்றது. இது தொலைத் தாக்கம். அண்மைத் தாக்கங்கள் பொதுவாக வலுவானவை. ஒரு மக்களிடம் கண்டால் இன்னொரு மக்களிடமும் நன்றாகவே திரும்பத் தென்படுகின்றன. தொலைத் தாக்கங்கள் மெலிந்தவை; வயது, உடல் எடை, தொற்று, சிறுநீரகத்தின் நிலை என்று பலவற்றின் குறுக்கீட்டுக்கு ஆளாகுபவை; அவற்றை மறுபடி கண்டுபிடிப்பதும் கடினம். விதிவிலக்காக, ஏ.பி.ஓ. ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணு போன்ற சில, வலுவான தொலைத் தாக்கங்களைப் பல புரதங்களின் மீது செலுத்துகின்றன. ‘ஓ’ வகையினரிடம் ரத்த உறைதலுக்குத் தேவையான வான் வில்லிபிராண்ட் காரணி மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாக இருக்கிறது. ‘பி’ வகை ஐரோப்பாவைவிட இந்தியாவில் மிக அதிகம் என்பதால், இந்த ஒரு மரபணுவாலேயே இரு மக்களின் புரதச் சராசரிகள் சற்று விலகி நிற்கும். விளைவு ஒன்றே, வகைகள் கலந்திருக்கும் விகிதம்தான் வேறு.

இதை நேருக்கு நேர் சோதித்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் ரத்தக்குழாய் நோய் அபாயத்தை நெடுங்காலமாகக் கண்காணிக்கும் ஆரிக் ஆய்வில் சேர்ந்தவர்களிடம் நடந்து 2022இல் வெளியானது. ஐரோப்பிய அமெரிக்கர் 7,213 பேர், ஆப்பிரிக்க அமெரிக்கர் 1,871 பேர். இரு தரப்பினருக்கும் ஒரே கருவியில் நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட புரதங்கள் அளக்கப்பட்டன. முதல் தரப்பில் 2,004 புரதங்களுக்கு அண்மைத் தாக்கம் கிடைத்தது, இரண்டாம் தரப்பில் 1,618 புரதங்களுக்கு. ஆட்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்; கிடைத்ததோ ஐந்தில் நான்கு பங்கு. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மரபணுத்தொகுதியில் வேறுபாடுகள் அதிகம் என்பதே இதற்கு முக்கியக் காரணம். மனித இனம் தோன்றி நெடுங்காலம் வாழ்ந்த நிலம் ஆப்பிரிக்கா; அங்கிருந்து புறப்பட்ட சிறு கூட்டங்களின் வழிவந்த மற்றவர்களிடம் அந்த வளத்தின் ஒரு பகுதிதான் வந்து சேர்ந்தது. இரு தரப்பிலும் பொதுவாகக் கிடைத்த வேறுபாடுகளின் விளைவுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. அதே சமயம், ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் முக்கியமாகத் தெரிந்த வேறுபாடுகளில் கணிசமானவை ஐரோப்பிய அமெரிக்கரிடம் மிக அரிதாகவோ அறவே இல்லாமலோ இருந்தன. ஒரு தரப்பின் தரவைக் கொண்டு கட்டிய கணிப்பு மாதிரியை மறு தரப்புக்குப் பயன்படுத்தியபோது துல்லியம் குறைந்தது.

ஒரு வேறுபாட்டைக் கொண்டவர்களின் எண்ணிக்கை மக்களுக்கு மக்கள் மாறுவதால் கிடைத்த பெரும்பயனுக்கு, பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு வரும் இப்புரதம், எல்.டி.எல். கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து வாரியெடுக்கும் ஏற்பிகளை அழிக்கச் செய்கிறது. 2003இல் பிரான்சில் பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த குடும்பங்களில், இப்புரதத்தைத் தீவிரமாக்கும் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. அப்படியானால் இதைச் செயலிழக்கச் செய்யும் மாற்றம் உள்ளவர்களிடம் கொலஸ்ட்ரால் குறைந்திருக்க வேண்டுமே என்று டல்லாஸில் ஜொனாதன் கோஹனும் ஹெலன் ஹாப்ஸும் தேடினார்கள். அவர்கள் தேடிய டல்லாஸ் இதய ஆய்வில் ஆப்பிரிக்க அமெரிக்கர் பெருமளவில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடம், புரதத்தை இடையிலேயே அறுத்துவிடும் இரண்டு மாற்றங்களில் ஒன்று இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அவை ஆயிரத்தில் ஒருவரிடம்கூட இல்லை. 2006இல் வெளியான தொடர் ஆய்வில், பதினைந்து ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட 3,363 கறுப்பின அமெரிக்கரில் 2.6 விழுக்காட்டினரிடம் இத்தகைய மாற்றம் இருந்தது, அவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாக 28 விழுக்காடு குறைவு, இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு 88 விழுக்காடு குறைவு. வெள்ளையரிடம் இருந்தது வேறொரு, மெல்லிய மாற்றம், 3.2 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட அது எல்.டி.எல்லை 15 விழுக்காடும் நோய் வாய்ப்பை 47 விழுக்காடும் குறைத்தது.

மாற்றங்கள் வெவ்வேறு; திசை ஒன்றே. இப்புரதத்தைக் குறைத்தால் மனிதருக்கு நன்மை, பெரிய தீங்கும் இல்லை என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது. 2015இல் அதைத் தடுக்கும் அலிரோகுமாப், எவலோகுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இன்று அவை எல்லா வம்சாவளியினருக்கும் போடப்படுகின்றன. ஆய்வு வெள்ளையரோடு நின்றிருந்தால் அந்த 88 என்ற எண் கண்ணில் பட்டிருக்காது. பிற மக்களைச் சேர்ப்பது நியாயத்துக்காக மட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இதையே சுட்டிக்காட்டுவேன்.

இதே தன்மையுள்ள மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நுரையீரலைக் காக்கும் ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சினைக் கடுமையாகக் குறைக்கும் ‘இசட்’ வடிவம் வட ஐரோப்பாவில் பரவலாக உண்டு, கிழக்காசியாவில் அரிது. ஹாப்டோகுளோபின் மரபணு முழுவதுமாக அறுந்துபோன வடிவம் ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் உண்டு. ஜப்பானியரில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவரிடம் இப்புரதமே இருப்பதில்லை. ரத்தம் ஏற்றும்போது அவர்களில் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அங்குள்ள மருத்துவர்கள் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வு எதிலும் இது தலைகாட்டாது.

அடுத்து, அண்டை வேறுபாடுகளின் சிக்கல். நாம் படிக்கும் மரபணு எழுத்து பல நேரங்களில் உண்மையான காரணம் அல்ல. காரணத்தின் பக்கத்தில் இருந்து அதனோடு பரம்பரையாக வரும் அடையாளம் மட்டுமே. டீக்கடைக்கு எதிர்வீடு என்று ஓர் ஊரில் வழி சொன்னதை வைத்துக்கொண்டு, இன்னோர் ஊரில் டீக்கடைக்கு எதிரே போய்க் கதவைத் தட்டினால் வேறு யாரோதான் வருவார்கள். லிப்போபுரதம்-ஏ என்ற, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் துகளில் இதுவே நடந்தது. 1963இல் நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் கண்டுபிடித்த இதன் அளவு, பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது. உணவாலும் உடற்பயிற்சியாலும் அது அதிகம் அசைவதில்லை. அந்த மரபணுவுக்குள் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அது வரும் தடவைகள் குறைந்தால் புரதம் சிறிதாகும், ரத்தத்தில் அதன் அளவு கூடும். இப்படித் திரும்ப வரும் துண்டை எண்ணுவது கடினம் என்பதால், ஐரோப்பியரிடம் அளவை நன்றாகக் கணிக்க உதவிய இரண்டு ஒற்றை எழுத்து வேறுபாடுகளை அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். 2009இல் வெளியான ஆய்வில், லிப்போபுரதம்-ஏ அளவில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பகுதியை அவ்விரண்டுமே விளக்கின. ஆனால் அவற்றில் ஒன்று ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் ஏறத்தாழ இல்லை. மற்றது அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியினரிடம் ஐரோப்பியரைவிட அதிகமாகவே இருக்கிறது. இருந்தும் அங்கே அது சிறிய வடிவத்தோடு சேர்ந்து வருவதில்லை என்பதால் அதே பொருளைத் தருவதில்லை.

இந்தத் துகளின் அளவிலும் பெரிய வேறுபாடுகள் உண்டு. பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் ஆப்பிரிக்கரிடம் இதன் இடைநிலை அளவு டெசிலிட்டருக்கு 27 மில்லிகிராம், சீனரிடம் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. இதே ஆய்வில், இந்தத் துகளால் ஏற்படும் மாரடைப்புச் சுமையின் பங்கு தெற்காசியரிடம் மிக அதிகமாக இருந்தது. நம் மக்களுக்கு மிக நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயத்தில், ஐரோப்பியரிடமிருந்து எடுத்த அடையாளங்கள் நமக்குக் கைகொடுப்பதில்லை என்பது சாதாரணக் குறை அல்ல.

தொலைத் தாக்கத்தில் மக்களுக்கு மக்கள் பெரிதும் மாறும் ஒன்று டஃபி ரத்த வகை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ எல்லோரிடமும் ஓர் எழுத்து மாறியிருப்பதால், சிவப்பணுக்களின் மேல் டஃபி ஏற்பி உருவாவதில்லை. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் மலேரியாக் கிருமி பெரும்பாலும் அந்த ஏற்பியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அதனால்தான் இந்த மாற்றம் அங்கே இப்படி நிலைபெற்றது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதே ஏற்பி அழற்சியைத் தூண்டும் பல கீமோகைன் புரதங்களை ரத்தத்திலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பணியையும் செய்கிறது. அது இல்லாதபோது அப்புரதங்களின் அளவுகள் மாறுகின்றன. ரத்தத்தில் நியூட்ரோபில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் குறைவாகத் தெரிகிறது. அது நோய் அல்ல. ஐரோப்பிய அளவுகோலை வைத்துப் பார்க்கும் மருத்துவர் அதைக் குறைபாடு என்று எண்ணி, நோயாளி எடுத்துவரும் மருந்தை நிறுத்திவிட இடமுண்டு. ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் இந்த மாற்றம் அனேகமாக இல்லை. ஆகவே அங்கே எத்தனை லட்சம் பேரை ஆராய்ந்தாலும் இத்தொடர்பு வெளிப்படாது.

அளக்கும் முறையின் சிக்கலைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் புரதத்தை நேராக எண்ணுவதில்லை. ஆன்டிபாடியோ, ஆப்டமர் எனப்படும் செயற்கை டி.என்.ஏ. துண்டோ புரதத்தின் ஒரு பகுதியில் போய் ஒட்டுகிறது. எவ்வளவு ஒட்டியது என்பதையே அளவாகக் கொள்கிறார்கள். ஒட்டும் அந்த இடத்திலேயே மரபணு வேறுபாட்டால் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால், புரதம் குறையாமலே அளவு குறைந்ததாகத் தெரியும். 2013இல் பால்டிமோரில் வாழும் கறுப்பின, வெள்ளை அமெரிக்கரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் டி-யைச் சுமந்து செல்லும் புரதம் கறுப்பினத்தவரிடம் பாதியளவே இருப்பதாக அறிவிக்கப்பட்டது. கறுப்பினத்தவரிடம் வைட்டமின் டி குறைவு, அதே சமயம் எலும்பு உறுதி என்ற பழைய புதிருக்கு இது அழகான விடையாகத் தோன்றியது: சுமக்கும் புரதமும் குறைவு என்றால், கட்டுப்படாமல் உடலுக்குப் பயன்படும் வைட்டமின் அளவு இரு தரப்பிலும் சமம்தானே?

அந்தப் புரதத்தின் 432ஆம், 436ஆம் இடங்களில் உள்ள அமினோ அமிலங்களைப் பொறுத்து அதற்கு மூன்று பொதுவான வடிவங்கள் உண்டு. அவற்றில் 1எஃப் என்ற வடிவம் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக அதிகம். ஆய்வில் பயன்பட்டது ஒற்றை வகை ஆன்டிபாடி. அது 1எஃப் வடிவத்தோடு சரியாக ஒட்டவில்லை. பின்னர் பலவகை ஆன்டிபாடிகள் கலந்த முறையாலும், ஆன்டிபாடியே தேவைப்படாத நிறை நிறமாலையியல் முறையாலும் அளந்தபோது, இரு தரப்பினரிடமும் புரதம் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. மரபணு வேறுபாட்டுக்கும் முதலில் கண்ட அளவுக்கும் இடையே புள்ளியியல் தொடர்பு மிக வலுவாகவே இருந்தது. வலுவான தொடர்பு என்பதால் அது உயிரியல் தொடர்பு என்று ஆகிவிடவில்லை.

இப்படிப்பட்ட சிக்கல்கள் எவ்வளவு பரவலானவை என்பதை ஒரு செய்தி காட்டுகிறது. இன்று பெரிதும் பயன்படும் ஓலிங்க், சோமாஸ்கேன் என்ற இரு முறைகளிலும் ஒரே ஆட்களிடம் ஒரே புரதங்களை அளந்து ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2023இல் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் இடையிலான இடைநிலை ஒட்டுறவு 0.33 மட்டுமே (முழுமையாக ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும்). ஆகவே ஒரு நாட்டு ஆய்வு ஒரு கருவியிலும் இன்னொரு நாட்டு ஆய்வு வேறு கருவியிலும் செய்யப்பட்டிருந்தால், இரண்டுக்கும் உள்ள முரணை மக்களின் மேல் ஏற்றுவதற்கு முன் கருவிகளின் மேல் சந்தேகப்படுவது நல்லது. இரு மக்களையும் ஒரே கருவியில் அளந்த ஆய்வுகளுக்கே நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன்.

இனி ‘தெற்காசியர்’ என்ற பெட்டி. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரையும் வங்கதேசத்தவரையும் இலங்கைத் தமிழரையும் ஒரே பெயரில் அடைத்து எடுக்கும் சராசரி, இந்தியத் துணைக்கண்டத்துக்கு மேலோட்டமாகத்தான் பொருந்தும். நூற்றுக்கணக்கான தலைமுறைகள் இல்லாவிட்டாலும், பல பத்துத் தலைமுறைகளாகத் தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்துவந்த குழுக்கள் இங்கே ஏராளம். ஒரு சிறு முன்னோர் கூட்டத்தில் தற்செயலாக இருந்த ஒரு மாற்றம், அத்தகைய குழுவில் பன்மடங்காகப் பெருகிவிடும். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் வாழும் ஆரிய வைசிய சமூகத்தில், பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் புரதம் மிகக் குறைந்துபோகும் நிலை மற்ற மக்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். காரணம் அப்புரதத்தின் 307ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் வரும் ஒரே மாற்றம். அன்றாட வாழ்வில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின், நம் அறுவை அரங்குகளில் ஸ்கோலின் என்று சொல்லப்படும் மருந்து, சில நிமிடங்களில் சிதைய வேண்டியது மணிக்கணக்கில் சிதையாமல் நின்றுவிடும். அதுவரை நோயாளி தாமாக மூச்சுவிட முடியாமல் வென்டிலேட்டரில் இருக்க நேரும். இதை அறிந்த மயக்க மருத்துவர்கள் அச்சமூகத்தவருக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யுகே பயோபேங்க் போன்ற தொகுப்பில் தெற்காசியர் எண்ணிக்கையைப் பத்து மடங்கு கூட்டினாலும், இச்சமூகத்தவர் போதிய அளவில் இல்லாதவரை இந்த மாற்றம் புலப்படாது. இந்தியாவில் எண்பதுக்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் முழு மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் குழுவாரியாகச் சேகரித்தது சரியான போக்கு. அதே ஆட்களின் பிளாஸ்மாவில் புரதங்களையும் அளந்தால் மேலே சொன்ன பலவற்றுக்கு நேரடி விடை கிடைக்கும்.

கேட்டவர் தம் மரபணுச் சோதனை அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்றும் வினவியிருந்தார். அதில் உள்ளது பி.சி.எஸ்.கே.9 போல, புரதத்தையே மாற்றும் அறியப்பட்ட மாற்றமாக இருந்தால், அது எந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டதானாலும் உங்களுக்கும் பொருந்தும் என்று பெரும்பாலும் நம்பலாம். பல நூறு அடையாளங்களைக் கூட்டிப் போட்ட அபாய மதிப்பெண்ணாக இருந்தால், அது யாரிடம் கட்டப்பட்டது என்று பார்த்து அதற்கேற்ப மதிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்து, அறிக்கை உங்களுக்கு லிப்போபுரதம்-ஏ அபாயம் இல்லை என்று சொன்னாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். அதை ரத்தத்தில் நேராக அளக்கும் பரிசோதனை பெரிய ஆய்வகங்களில் கிடைக்கிறது. அளவு வாழ்நாளில் அதிகம் மாறாது என்பதால் பெரும்பாலானோருக்கு ஒருமுறை செய்தால் போதும். முடிவை இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.